பயப்படாதீர்கள் என்று பேசப் போனோம்

1

இங்கே செப்டம்பரில் வசந்தம். ஊரில் நீங்கள் மழைக்கு முன்னால் மொட்டைமாடி விரிசலுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருக்கும் நாட்களில், எங்களுக்குக் குளிர் விலகி வெயில் ஏறுகிறது. புல் கண்மூடித் திறப்பதற்குள் வளர்கிறது. பிரிஸ்பேனுக்கு மேற்கே, வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் குடிவந்த புறநகர் இது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதற்கப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் யாரும் உரிமை கொண்டாடாத புதர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. காபியோடு பின்கதவுக்கு வந்தேன். நான்கு வயது மகள் அனிட்டா படியில் குந்தி உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பொம்மையோடு என்றுதான் நினைத்தேன். அவள் கைக்கு ஒரு முழம் தள்ளி, வெயில் விழுந்த சிமெண்ட் தரையில், பழுப்பாக ஒன்று நீளவாக்கில் கிடந்தது. இந்த ஊரில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆளை முடித்துவிடக்கூடிய பழுப்புப் பாம்பு.

"இட்ஸ் ஓகே, அப்பா," என்றாள் அனிட்டா திரும்பாமலே. "ஹீ இஸ் ஜஸ்ட் ரெஸ்டிங்."

அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ ஊர்களில் மைக் பிடித்துச் சொன்னவன் நான். அசையாதீங்க, கத்தாதீங்க, அதுக்கு வழி விடுங்க, அது பாட்டுக்குப் போயிடும். ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. பாம்பு தலையை லேசாகத் தூக்கி, என்னையோ என் பின்னால் இருந்த கதவையோ பார்த்துவிட்டு, வேலிக்கு அடியில் போனது. அதன் வால் மறையும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம் அவளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கதவைப் பூட்டி, ஜன்னல்களையும் பூட்டினேன்.

என் மனைவி ஸ்டெல்லா நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். "என்னாச்சு, இவ்ளோ வெளுத்துப் போயிருக்கீங்க?"

"பாம்பு."

"ஐயே, கடலூர் ஜில்லாவுக்கே பாம்புக்குப் பயப்படாதீங்கன்னு சொன்ன ஆளு நீங்கதான?"

அவள் என் கையைப் பார்த்தாள். காபி டம்ளரில் காபி இல்லை. எங்கே கொட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

2

திங்கட்கிழமை அனிட்டா தன் பாலர் பள்ளியில் போய்ச் செய்தி வாசித்துவிட்டாள். என் அப்பா இந்தியாவில் பாம்புக்காரர், 'குட் ஸ்நேக்' எல்லாம் பிடிப்பார் என்று. நல்ல பாம்பு என்று நான் தமிழில் சொன்ன கதைகளை அவள் அப்படித்தான் அவர்களுக்குக் கொண்டு சேர்த்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரே வீட்டில் இரண்டு கரையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும்.

பள்ளியை நடத்தும் ஹெலன் அம்மையார் மாலையில் என்னைப் பிடித்துக்கொண்டார். பாம்புகள் வெளிவரும் காலம் இது, குழந்தைகளுக்கு நீங்கள் வந்து பேச முடியுமா, ஃபிலிப்? அரை மணி நேரம் போதும்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் அனிட்டா நின்றுகொண்டு என்னை ஒரு மந்திரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

இங்கே அரை மணி நேரம் வாயைத் திறப்பதற்கும் ஒரு வழிமுறை உண்டு. குழந்தைகளோடு பழகத் தகுதியானவன் என்று அரசாங்கம் தரும் ஓர் அட்டை வேண்டும். அதற்கு நான் வாழ்ந்த முகவரிகள் எல்லாம் வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் என்பதை அந்தக் கட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள், கடைசி நான்கு எழுத்து வெளியே நிற்கும். கவுண்டரில் இருந்த பெண் அதை மூன்று தடவை படிக்க முயன்று, "இது ஒரே ஊரா?" என்று கேட்டாள். ஒரே ஊர்தான் என்றேன்.

அட்டை வந்தது. அடுத்து ஹெலன் ஒரு தாளை நீட்டினார். பேச்சில் என்ன ஆபத்து நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டுமாம். எல்லாருக்கும் இதே தாள்தான், மரக்கன்று நடுகிறவருக்கும் இதேதான் என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னார். "உயிருள்ள பாம்பு கொண்டு வரமாட்டீர்கள்தானே, அப்படியென்றால் ஆபத்து எதுவுமில்லை என்று எழுதிவிடுங்கள்."

பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. கூட்டம் கலைந்து ஒரு மாதம் கழித்தும் ஒரு பேச்சு என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

3

2004 டிசம்பர் சுனாமி கடலூரை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அடுத்த வருடம் எங்கள் ஊரில் கூட்டம் போடாத அமைப்பே இல்லை. அலையாத்திக் காடுகள் பற்றி உரை, கடலாமை பற்றிப் பயிலரங்கு, ஏரிப் பறவைகள் பற்றி ஸ்லைடு காட்சி. நான் விலங்கியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். திருப்பாதிரிப்புலியூரில் மாமாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, கூட்ட நோட்டீஸ் நகலெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "நானும் வரலாமா?" என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றுக்கும் போனேன். உட்கார்ந்து கேட்பது ஒரு வருடத்திலேயே அலுத்துவிட்டது. பேச வேண்டும் என்ற அரிப்பு.

சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் பேச்சாளர்களுக்கான பயிலரங்கு நடந்தது. பாம்புகளைப் பற்றிக் கிராமங்களில் பேச ஆள் தயாரிக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர் வெளியூர்க்காரர், கணீரென்ற குரல். "ஜனங்க பாம்ப அடிக்கிறது கோவத்துல இல்ல, பயத்துல. பயத்த எடுத்துட்டீங்கன்னா பாம்பு பொழச்சிக்கும். உங்க வேல அவ்ளோதான்."

நான் கை தூக்கினேன். "சார், பயத்த எடுத்துட்டா அந்த எடத்துல என்னா வைக்கிறது?"

"அறிவ வைங்க தம்பி," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கீழே போய் இட்லிக்குக் கொத்சு ஊற்றிச் சாப்பிட்டோம். எனக்கு அன்று அது முழுமையான பதிலாகத்தான் தெரிந்தது.

அங்கேதான் மணி எனக்குச் சிநேகிதனானான். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், கரும்பு போடும் குடும்பம், செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். சாரைப்பாம்பை, கோயில் கயிறு எடுப்பதுபோல, அலட்டிக்கொள்ளாமல் எடுப்பான். எனக்கோ, இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை, பாம்பென்றால் உள்ளங்கால் சில்லிடும். பேசுவது நான், பிடிப்பது அவன் என்று பிரித்துக்கொண்டோம்.

"நீ வாயப் பாத்துக்க மச்சான், நான் வாலப் பாத்துக்கறேன்," என்பான்.

எங்கள் பேச்சுக்கு ஓர் அமைப்பு இருந்தது. முதலில் படங்கள். எது விஷம், எது விஷமில்லை. பிறகு கடித்தால் என்ன செய்வது. எதையும் தொடாதீர்கள், எந்தப் பாம்பையும் நீங்களே பிடிக்காதீர்கள் என்று குறைந்தது நான்கைந்து தடவை சொல்வேன். கடைசியில், கூட்டம் கலைவதற்கு முன், மணி பையிலிருந்து சாரையை எடுப்பான். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்ப்பார்கள். குழந்தைகள் வரிசையில் முண்டியடிப்பார்கள். வழுவழுன்னு இருக்குடி, சில்லுன்னு இருக்குடி. அந்த அங்கத்துக்குத்தான் கைதட்டல். எல்லாப் பேச்சாளர்களும் அப்படித்தான் முடிப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

வாயால் சொன்னது தொடாதே என்று. கையால் காட்டியது தொடு என்று.

4

மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். கரும்பு வெட்டும் பருவம். வெட்டுகிறவர்களுக்குத்தான் பாம்பு பயம் ஜாஸ்தி என்பதால் ஒரு ஞாயிறு அங்கே, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பேசினோம். பேச்சில் வெள்ளிக்கோல் வரையன் படம் ஒன்று உண்டு. விஷமில்லாத பாம்பு. ஆனால் பார்க்கக் கட்டுவிரியன் மாதிரியே கறுப்பில் வெள்ளை வளையம். "இது பாவங்க. விரியன்னு நெனச்சு இதையும் அடிச்சிடறாங்க," என்று சொல்லி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வேன். வித்தியாசம் யாருக்கு நினைவிருக்கும்? பாவம் என்பது நினைவிருக்கும்.

ஒரு மாதம் கழித்து அதே ஊருக்குத் திரும்பப் போவது எங்கள் வழக்கம். மறுபேச்சு என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம். மறுபேச்சுக்கு ஜனங்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பாம்புச் சட்டை, ஆந்தை இறகு, உடைந்த முட்டை ஓடு, இதெல்லாம் என்ன என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அதுதான் எங்களுக்குச் சந்தோஷம். பேச்சு வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஊர் மறுபேச்சுக்கு தனலட்சுமி என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கரும்பு வெட்டுகிறவர். கணவர் திருப்பூரில். குடத்தின் வாயைச் சேலைத் துண்டால் கட்டியிருந்தார். கூடவே அவர் மகள் ரம்யா, எட்டு வயதிருக்கும், முன்பல் ஒன்று இல்லை.

"தம்பி, அடிக்கணும்னு கொம்போட வந்தாங்க. நாந்தான் வுடல. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு," என்றார். "அந்தப் பாவப்பட்ட பாம்பு. வூட்லதான் வச்சிருக்கோம், முந்தாநேத்துலேருந்து. இந்தப் புள்ளதான் பல்லி புடிச்சுப் போடுது அதுக்கு."

"கையில எடுத்தா தலைய உள்ள வச்சிகிட்டு சுருண்டுக்கும் சார்," என்றாள் ரம்யா. "சாது. காட்டட்டுமா?"

அவள் விரல்கள் முடிச்சில் இருந்தன. மணி சிரித்துக்கொண்டே, "இரு தங்கம், அண்ணன் பாக்கறேன்," என்று குடத்தை வாங்கினான். துணியை விலக்கி எட்டிப் பார்த்தான். திரும்பக் கட்டினான். ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு.

"பிலிப்பு, கொஞ்சம் இங்க வா," என்றான்.

அவன் என்னை மச்சான் என்பான், வாயாடி என்பான், புரொபசர் என்பான். பேர் சொல்லி அழைத்ததே இல்லை. போகும்போதே எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

"கட்டுவிரியன்," என்றான் காதோடு.

அந்தப் பாம்பைப் பற்றி நான் மேடையில் சொல்லும் வாசகங்களே எனக்குள் ஓடின. பகலில் சோம்பிக் கிடக்கும், எடுத்தாலும் பெரும்பாலும் கடிக்காது. இருட்டினால் அது வேறு பாம்பு. பல் மெல்லிசு, தூக்கத்தில் கடித்தால் கடித்ததே தெரியாது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது. வயிறு வலிக்கும். பிறகு இமை இறங்கும். பிறகு மூச்சு.

நான் தனலட்சுமியிடம் போனேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன். "அக்கா, ராத்திரி குடம் எங்க இருந்துச்சு?"

"எங்க தலமாட்டுலதான் தம்பி. ஏன்?"

"துணி கட்டியே இருந்துச்சா?"

அவர் மகளைப் பார்த்தார். ரம்யா தரையைப் பார்த்தாள். "அதுக்குக் காத்து வேணும்ல. கொஞ்சம் தளத்தி வுட்டேன். ஆனா காலையில உள்ளதான் இருந்துச்சு சார், சத்தியமா."

"உனக்கு இப்ப எங்கயாச்சும் வலிக்குதா கண்ணு?"

"வயித்த வலிக்குது," என்றாள். "காலையிலேருந்து."

5

108 ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போது வரவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்தோம். நான், தனலட்சுமி, நடுவில் ரம்யா. குடத்தோடு மணி அங்கேயே நின்றான். அவனைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நெல்லிக்குப்பம் வந்ததும் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள், டிராக்டர்கள், மாட்டு வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எதுவும் நகரவில்லை.

"ரம்யா, என்னப் பாரு. இது எத்தன வெரல்?"

"ரெண்டு." கொஞ்சம் யோசித்து, "நீங்க நகமே வெட்டல சார்."

"இப்ப?"

"இப்பவும் ரெண்டுதான். ஏமாத்தாதீங்க."

தனலட்சுமி என் தோளைத் தொட்டார். "கடிச்சிருந்தா ரத்தம் வந்திருக்கும்ல தம்பி? புள்ள அழுதிருக்கும்ல?"

"இது கடிச்சா தெரியாதுக்கா."

"தெரியாம எப்பிடித் தம்பி கடிக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, நான் ஏதாவது வேறு பதில் சொல்ல மாட்டேனா என்பதுபோல என் வாயையே பார்த்தார். அவர் என் வாயை அப்படித்தான் ஒரு மாதத்துக்கு முன் வேப்பமரத்தடியிலும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நம்பிக்கையோடு கேட்கிற முகத்தைப் போல என்னை நடுங்க வைத்தது அன்று வேறெதுவுமில்லை. பாம்புகூட இல்லை.

ஆட்டோக்காரர் கரும்பு வண்டிகளுக்கு இடையில் ஒரு சந்தில் புகுந்து, சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றி, எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். நடந்ததைச் சொன்னேன். அவர் ரம்யாவின் கை, கால், கழுத்து, காதின் பின்புறம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். கொசுக்கடி, கரும்பின் சோகை இலை கீறிய கோடுகள். அவற்றில் எது என்ன என்று யார் சொல்வது?

"கடிச்ச தடம் இல்லங்கறதால கடிக்கலன்னு சொல்ல முடியாது," என்றார். "வயித்து வலி இருக்கு. வெயிட் பண்ணிப் பாக்கணும். அறிகுறி இல்லாம மருந்து போட முடியாது, அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்காது." என்னைப் பார்த்தார். "நீங்கதான் பேச்சாளரா?"

"ஆமா டாக்டர்."

"நல்லா பேசியிருப்பீங்க போல. இவ்ளோ நம்பியிருக்காங்க."

அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். குழந்தையைப் படுக்க வைத்து, கண் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை தானாக இறங்குகிறதா பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை. இறங்கினால் உடனே கூப்பிடுங்கள்.

கட்டிலுக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "ரம்யா, ஃபேனப் பாரு." பார்த்தாள். நானும் தனலட்சுமியும் அவள் இமைகளைப் பார்த்தோம். ஓர் இமை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அதற்கு முன் யோசித்ததே இல்லை. இடது இமை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதா? எப்போதும் அப்படியா, இப்போதுதானா?

"அக்கா, இவளுக்கு இடது கண்ணு எப்பவும் இப்பிடித்தானா?"

"தெரியலையே தம்பி," என்றார் தனலட்சுமி. "பெத்த புள்ள கண்ணு. தெரியலையே."

மதியம் தாண்டியது. வார்டு புழுக்கத்தில் எல்லாரும் கண்ணயர்ந்தார்கள். ரம்யா கொட்டாவி விட்டாள்.

"தூக்கம் வருது சார்."

எட்டு வயதுக் குழந்தைக்கு மத்தியான வெக்கையில், சுழலும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வரும். விஷம் ஏறினாலும் இமை இப்படித்தான் இறங்கும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் பார்த்து, தூக்கம்தான் போல, ஆனாலும் விடாதீங்க என்றார்.

விடவில்லை. பாட்டுப் பாடச் சொன்னோம். வாய்ப்பாடு சொல்லச் சொன்னோம். எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறினாள். டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். "அதுல எப்பவுமே தப்பு வுடுவா," என்று தனலட்சுமி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கோபத்தில் அழ ஆரம்பித்தாள். "ஃபேனப் பாக்க மாட்டேன். போங்க. தூங்கணும்." அவள் அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாருடி என் தங்கமே, ஒரே ஒரு தடவ பாருடி," என்று கெஞ்சினார். அந்தக் கெஞ்சலின் நடுவில் என் பக்கம் திரும்பி, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், ஒரு தகவலைப்போலச் சொன்னார்:

"நீங்க சொன்னதத்தான் தம்பி செஞ்சோம்."

சாயங்காலம் மணி வந்தான். சட்டையெல்லாம் மண். வார்டு வாசலில் நின்று என்னை மட்டும் கூப்பிட்டான்.

"பாம்ப அடிச்சிட்டாங்க," என்றான். "நான் தடுக்கல, மச்சான்."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "பாப்பா?"

"முழிச்சிருக்கா."

6

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கடித்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும், கூட்டிப் போகலாம் என்றார். வயிற்று வலி எதனால் என்று துருவிக் கேட்டதில், முந்தின நாள் காலை வெறும் வயிற்றில் மடி நிறையக் கொடுக்காப்புளி தின்றிருக்கிறாள் என்று தெரிந்தது. மணி சிரித்தான். தனலட்சுமியும் சிரித்தார். நான் வராண்டாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இட்லி வாங்கிக் கொடுத்தோம். ரம்யா சட்னியைத் தொட்டு நக்கிக்கொண்டே கேட்டாள். "பாம்ப எங்கண்ணா வுட்டீங்க?"

"ஏரிப் பக்கம்," என்றான் மணி.

"அது என்னைய ஒண்ணுமே பண்ணல பாத்தீங்களா? இன்னொண்ணு வந்தாலும் நான் புடிச்சு வைக்கிறேன். சார் வந்தா காட்டலாம்."

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அவளைக் காப்பாற்ற ஒரு பகலும் ஓர் இரவும் எதற்குத் தவித்தோம் என்பது அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் பயந்துவிடக் கூடாதே என்று சாவு என்ற வார்த்தையை மட்டும் எல்லாரும் தவிர்த்திருந்தோம். நான் குனிந்து, "அது கடிச்சிருந்தா நீ செத்துப் போயிருப்ப கண்ணு," என்றேன். அவள் என் முகத்தை ஆராய்ந்துவிட்டு, பல்லில்லாத வாயால் சிரித்தாள். "சும்மா சொல்றாரு. நீங்கதான் பயப்படாதீங்கன்னு சொன்னீங்க."

தனலட்சுமி அவளைப் பளாரென்று அறைந்தார். இட்லித் தட்டு தெருவில் உருண்டது. அடித்த கையைத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அந்த அம்மாவும் அழுதார். ரம்யா வீறிட்டாள், இட்லிக்கடைக்காரர், "சின்னப் புள்ளய ஏம்மா?" என்று சத்தம் போட்டார். மணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழந்தையை அடிப்பது சரி என்று எழுத நான் இங்கே உட்காரவில்லை. அந்த அழுகையைக் கேட்டபோது, என் நெஞ்சில் முந்தின நாளிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அதை மட்டும் உள்ளபடி சொல்கிறேன். அவள் அம்மாவின் கையைப் பார்த்துப் பயந்தாளா, பாம்பை நினைத்தா, எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பயம் அவளிடம் திரும்பி வந்திருந்தது.

அதன் பிறகு நான் எந்த ஊரிலும் மைக் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் படிக்க இங்கே வந்துவிட்டேன். மணி இன்றும் பேசப் போகிறான். சாரைப் பையை மட்டும் கொண்டு போவதில்லை. முன்பு மாதிரி கூட்டம் சேர்வதில்லை என்கிறான். போன வாரம் போனில் கேட்டேன்: "அந்தப் பொண்ணு எப்பிடி இருக்கா?"

"ஒம்பதாவது படிக்கறா. பாம்புன்னா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவா," என்றான். "பயத்துல உனக்கு ஜோடி அவதான், மச்சான்."

7

ஹெலன் அம்மையாரின் தாளில், ஆபத்து என்ற இடத்தில், "குழந்தைகள் என்னை நம்பிவிடலாம்" என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுப் புருவம் உயர்த்தினார். தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

பதினைந்து குழந்தைகள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அனிட்டா முதல் வரிசையில். எல்லாரையும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று ஒரு பையன் கேட்டான். பாம்பைப் பார்க்கும்போது கை அங்கேதான் இருக்க வேண்டும் என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்கள். திரையில் பழுப்புப் பாம்பின் படத்தைப் போட்டேன். இதைக் கண்டால் பின்னால் நகர வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

அனிட்டா எழுந்தாள். முகமெல்லாம் பெருமை. "தட்ஸ் மை ஒன்," என்று மற்ற குழந்தைகளிடம் சொல்லிவிட்டு, திரையை நோக்கிக் கை நீட்டியபடி நடந்தாள். வெறும் படம். வெளிச்சம். அவள் விரல் அதன் தலையைத் தொட ஒரு சாண் இருந்தது.

"தொடாத!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. தமிழில்தான் வந்தது. அங்கே அனிட்டாவைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது, எல்லாருக்கும் புரிந்தது. பின் வரிசையில் ஒரு குழந்தை விசும்ப ஆரம்பித்தது. அனிட்டா கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பா அங்கே இல்லை. உதடு கோணி, கண் நிறைந்து, பெரிதாக அழுதாள்.

நான் தூக்கவில்லை. ஹெலன்தான் வந்து தூக்கிக்கொண்டார். தூக்கிச் சமாதானப்படுத்தினால் அந்தச் சத்தம் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. மீதிப் பேச்சைப் பேசி முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. வெளியே வரும்போது ஹெலன் மெதுவாகச் சொன்னார், விஷயம் சரி, ஆனால் குழந்தைகள் பயந்துவிட்டார்கள், ஃபிலிப்.

தெரியும் என்றேன்.

அனிட்டா காரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பாம்புக்காரர் என்று அவள் இனி யாரிடமும் சொல்லமாட்டாள். மறுநாள் காலை பின்கதவைத் திறந்தேன். வழக்கமாக என் காலுக்கிடையில் புகுந்து ஓடுகிறவள் வாசலிலேயே நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, படியையும் புல்லையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யூ லுக் ஃபர்ஸ்ட், அப்பா."

இறங்கினேன். உள்ளங்கால் சில்லிட்டது. படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், வேலி ஓரம் பார்த்தேன், தொட்டிச் செடிகளை ஒரு குச்சியால் நகர்த்திப் பார்த்தேன். எதுவுமில்லை. திரும்பி, பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"இப்ப இல்ல," என்றேன்.